'போனஃபைடு' என்றால் என்ன சார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் எங்கள் பள்ளி அலுவலக அறைக்கு முன்னால் அதிகமாகக் கேட்கும் ஆங்கிலச் சொல் 'போனஃபைடு'தான். "சார், ஒரு போனஃபைடு வேணும்." வங்கிக் கணக்குக்கு, கல்வி உதவித்தொகைக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, அண்ணனின் கல்லூரி விண்ணப்பத்துக்கு என்று காரணம் மட்டும் மாறும். தேவாரத்தின் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த சொல் இது. மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மாரும் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு நாள் இதன் பொருளைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடைகள் இவை: "முத்திரை வச்ச பேப்பர்." "எச்.எம். கையெழுத்து." "போட்டோ ஒட்டித் தர்றது." ஒரு மாணவி மட்டும் சற்று யோசித்து, "நாம நாமதான்னு சொல்றது" என்றாள். அகராதிக்கு மிக அருகில் வந்தது அவள்தான்.

ஆங்கில ஆசிரியர்களாகிய நாம் பாடநூலின் சொற்பட்டியலுக்கு மெனக்கெடுகிற அளவுக்கு, மாணவன் கையில் ஏந்தி நடக்கிற தாளில் உள்ள சொற்களுக்கு மெனக்கெடுவதில்லை என்பது என் கருத்து. மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், வருமானச் சான்று ஆகிய எல்லாவற்றிலும் அலுவலக ஆங்கிலம் குவிந்து கிடக்கிறது. குழந்தையின் வாழ்க்கையில் கதவைத் திறப்பதும் அடைப்பதும் அந்தச் சொற்கள்தான். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று பாடவேளை நடத்தியதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பிரித்தோம். இது ஆங்கிலத்துக்குள் வந்து தங்கிவிட்ட இலத்தீன் தொடர். சொல் ஒன்றல்ல, இரண்டு. முதலாவதில் நான்கு எழுத்து, இரண்டாவதில் நான்கு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. நம் சான்றிதழ்களில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அச்சாகிறது. அகராதிகள் தருவது இரண்டு சொல்லாக. 'போனா' என்றால் நல்ல. 'ஃபைடி' என்பதன் மூலமான 'ஃபைடீஸ்' என்றால் நம்பிக்கை, வாக்கு தவறாமை. இலத்தீன் வேற்றுமைப்படி இரண்டும் சேர்ந்து 'நல்ல நம்பிக்கையுடன்' என்று பொருள் தரும். நம் மூன்றாம் வேற்றுமையின் 'உடன்' அங்கே சொல்லின் ஈற்றிலேயே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் இது வினையடையாகத்தான் வழங்கத் தொடங்கியது, 'ஏமாற்று இல்லாமல் செய்தான்' என்பதுபோல. 'போனா ஃபைடி மாணவர்' என்று பெயருக்கு முன்னால் அடையாக நிற்பது பிற்பாடு வந்த பழக்கம்.

இலத்தீன் என்றதும் வகுப்பில் சிலர் கொட்டாவி விட்டார்கள். அப்போது, "இதில் பாதிச் சொல் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது" என்றேன். தீபாவளிக்கு எஸ்டேட்டில் என்ன தருவார்கள்? "போனஸ்!" அந்த போனஸும் இந்த போனாவும் ஒரே வேர், நல்லது என்பதே அதன் பொருள். மீதிப் பாதி? பத்திரப்பதிவு அலுவலக வாசலில் எழுதித் தருவது? "அஃபிடவிட்." அதற்குள் இருப்பது இதே நம்பிக்கை வேர்தான், சத்தியம் செய்து உறுதிகூறினார் என்று பொருள். கான்ஃபிடன்ஸ், ஃபெயித் இரண்டும் அந்தக் குடும்பம்தான். பழைய டேப்ரிக்கார்டரில் 'ஹை-ஃபை' என்று எழுதியிருப்பார்களே, அதன் 'ஃபை'யும் ஃபிடெலிட்டி என்ற சொல்லின் தலைப்பகுதி. மூல ஒலிக்கு உண்மையாக இருப்பது என்று பொருள். ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் ஒரு குடும்ப மரம் வளர்ந்துவிட்டது. சொற்பொருளை நேராகச் சொல்லிவிடுவதைவிட இது சற்று நேரம் எடுக்கும். ஆனால் ஒரு சொல்லுக்குச் செலவிட்ட நேரத்தில் ஆறு சொல் கிடைக்கிறது.

ரோமானியர்கள் இந்த 'ஃபைடீஸ்' என்பதை ஒரு பெண் தெய்வமாகவே வணங்கினார்கள்; ரோம் நகரின் கேபிடல் குன்றில் கோயில் இருந்தது. வலக்கை அவளுக்கு உரியது. வலக்கை கொடுத்தால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் பக்கத்தில் இருந்தவனின் உள்ளங்கையில் 'பட்'டென்று ஓர் அடி அடித்து, "சத்தியம் சார்!" என்றான். கையடித்துச் சத்தியம் செய்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வேர் தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிட்டது என்று ஆகாது. 'நல்ல நம்பிக்கை' என்று நோட்டில் எழுதிக்கொண்டவர்கள், 'போனா ஃபைடி மாணவர்' என்றால் 'நல்ல மாணவர்' என்று பொருள் எழுதினார்கள். வகுப்பில் பாதிப் பேர் செய்த தவறு இது. நன்னடத்தைச் சான்றிதழும் இதுவும் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்தது அப்போதுதான் தெரிந்தது. தினமும் தாமதமாக வருபவனும், கணக்கில் பதினேழு மதிப்பெண் வாங்குபவனும் போனா ஃபைடி மாணவன்தான். நல்லவனா என்பது இங்கே கேள்வியே இல்லை. 'மாணவன்' என்று சொல்லிக்கொள்கிறானே, அது மெய்யா என்பதுதான் கேள்வி.

இந்த வேறுபாட்டை விளங்கவைக்க எனக்குக் கைகொடுத்தது ஏலக்காய். போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் இணையவழி ஏல மையங்கள் இருக்கின்றன. வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விலை கேட்பார்கள். அவர்கள் கையில் இருப்பது மாதிரிக் காய். அதன் பருமன், நிறம், கனம் பார்த்துத்தான் முழுக் குவியலுக்கும் விலை. எங்கள் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் தாய்மார் போடியில் காய் தரம் பிரிக்கப் போகிறவர்கள். அவர்களைக் கேட்டேன்: "எட்டு மில்லிமீட்டர் காயை மாதிரியில் காட்டிவிட்டு, மூட்டையில் ஆறு மில்லிமீட்டர் காயைப் போட்டால்?" "ஏமாத்து வேலை சார்." "மாதிரியிலும் ஆறு, மூட்டையிலும் ஆறு என்றால்?" "அது சின்னக் காய். விலை கம்மி. ஆனா ஏமாத்தல." இரண்டாவது வியாபாரம்தான் போனா ஃபைடி. காய் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதல்ல. சொன்னதும் இருப்பதும் ஒன்றா என்பது. அன்றைக்குப் பிறகு 'நல்ல மாணவர்' என்று யாரும் எழுதவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு வேடிக்கைக் கதையையும் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை அடைத்து வைக்கும் நேரங்கள் உண்டு. ஆனால் வழிப்பயணிக்கு மட்டும் விலக்கு. சட்டம் அவரை 'போனா ஃபைடி டிராவலர்' என்றது. முந்தின இரவு தங்கிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மைல் தாண்டி வந்திருக்க வேண்டும். விளைவு என்ன? குடிக்க விரும்பியவர்கள் மூன்று மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள்! மூன்று மைல் சரி, நடந்ததும் உண்மை. அவர் பயணியா? வகுப்பில் இதை டீக்கடை என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம், கதை கெடாது. தேவாரத்திலிருந்து கோம்பைக்கு நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறவரைப் பயணி என்பீர்களா என்று கேட்டேன். வாதம் அந்தப் பாடவேளை முடியும்வரை ஓடியது. எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது, நோக்கமும் நேராக இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒன்று. 'நல்ல நம்பிக்கை' என்பதற்கு நம் நாட்டுச் சட்டங்களே இரண்டு விதமாகப் பொருள் சொல்கின்றன. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டப்படி, ஒன்றை நேர்மையாகச் செய்திருந்தால் அது நல்ல நம்பிக்கையில் செய்ததுதான். கவனக்குறைவு இருந்தாலும் சரி. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 52ஆம் பிரிவில் வேறு மாதிரிச் சொன்னது. தக்க கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்ல நம்பிக்கையில் செய்தது ஆகாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த இரண்டாவது பொருளையே தொடர்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் கேள்வி எழுகிறதோ, அந்தச் சட்டத்தின் பொருள் செல்லும். நாளொன்றுக்கு இருபது சான்றிதழ் எழுதும் காலத்தில், சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பார்க்காமலே 'தெரிந்த பையன்தானே' என்று எழுதிக் கொடுப்பது முதல் சட்டத்தின்படி தப்பிக்கும், இரண்டாவதில் தப்பிக்காது. என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது பொருள்தான் பொருந்தும். நாம் எழுதுவதை எதிர்மேசையில் இருப்பவர் சரிபார்ப்பதில்லை. நாம் பார்த்திருப்போம் என்று நம்பித்தான் வாங்கிக்கொள்கிறார்.

இந்தச் சொல்லின் எடை எங்கள் பகுதியில் கூடுதல். அதற்குக் காரணம் மலை. தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தலைக்கு மேல் நிற்பது ஏலமலை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அந்த மலையின் மேற்பகுதி கேரளத்துக்குப் போனது. வேலை அங்கே, வீடு இங்கே. விடியற்காலையில் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகச் சுற்றி ஏறுகின்றன. தினமும் போய்வர முடியாத குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கிவிடும். பிள்ளைகளையும் உடன் கூட்டிப்போய் அங்குள்ள பள்ளியில் ஒரு வருடம், இரண்டு வருடம் சேர்ப்பது சாதாரணம். பிறகு பாட்டி வீட்டுக்குத் திரும்பிவருவார்கள்.

இதே சமயம், அரசுப் பள்ளி மாணவர் என்பதற்கு இன்று தமிழ்நாட்டில் மிகப் பெரிய பலன்கள் இருக்கின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதியும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதியும் தொடங்கின. உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1000 ரூபாய். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கே படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவற்றின் அடிப்படை. ஏழு ஆண்டுகள். அதற்கான சான்றைத் தருவது நாம்தான். அந்தத் தாளில் நிற்கும் சொல் இதே சொல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் மகளுடன் வந்தார். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஏழாம் வகுப்பு மட்டும் மலைக்கு மேலே, கேரளத்துப் பள்ளியில். "ஒரே ஒரு வருசந்தான சார். ஆறும் இங்கதான் படிச்சா, எட்டும் இங்கதான் படிச்சா. நடுவுல அந்த ஒண்ணையும் சேத்து எழுதிருங்க சார், ஒங்க கைக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். தலைமை ஆசிரியர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பதிவேட்டைத் திறந்து காட்டினார். "எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு நிமிசம்மா. ஆனா நாளைக்கு மேல சரிபார்க்கும்போது போறது எங்க கையெழுத்து மட்டும் இல்ல, பிள்ளையோட சீட்டும்தான்" என்றார். ஆறு ஆண்டுக்கு மட்டுமே சான்று கொடுத்தோம். அந்தப் பெண் பொதுக் கலந்தாய்வில் இடம் பெற்று, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையில் சேர்ந்தாள். ஆனால் ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் அரசே ஏற்றிருக்கும். அந்தத் தாய் வாசல்வரை போய்த் திரும்பி நின்று கேட்டது ஒரே கேள்விதான்: "இத அவ ஆறாப்பு படிக்கயிலயே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல சார்?"

பிழைப்புக்காக மலையேறும் குடும்பத்தின் ஓராண்டை விதி எண்ணிப் பார்க்காதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அது விதியை வகுப்பவர்கள் பார்க்க வேண்டிய விஷயம். நாம் செய்யக்கூடியதை நாங்கள் செய்தோம். இப்போது ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தாளுக்கு ஏழு வருடக் கணக்கு உண்டு, இடையில் மலைக்குக் கூட்டிப்போவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறோம். விடுதியோ, உறவினர் வீடோ, ஏதாவது ஏற்பாட்டை யோசிக்க நேரம் கிடைக்கிறது. சொல்லின் பொருள் பிள்ளைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

இனி வழக்கைப் பற்றி. இந்தச் சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதை மாணவர்களிடம் பட்டியலாகக் கொடுக்காமல், சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி "சேருமா?" என்று கேட்டேன். ஸ்டூடன்ட், கஸ்டமர், டீலர், ஆஃபர், கம்ப்ளெயின்ட் எல்லாம் சேரும். ஒரு தகுதியோ உரிமையோ சொல்லப்படுகிறது, அது மெய்யா என்று கேட்க இடமிருக்கிறது. கண்ணீர், புன்னகை, அன்பு? சேராது, அங்கே 'ஜெனுவின்' என்ற சொல் வரும். ஏலக்காய்? சாயம் ஏற்றாத அசல் காயை ஜெனுவின் என்போம். அதை விற்கும் உரிமம் பெற்ற வியாபாரியைப் போனா ஃபைடி டீலர் என்போம். மாணவர்கள் இந்தக் கோட்டை ஆச்சரியமான வேகத்தில் பிடித்துக்கொண்டார்கள். இதற்கு 'மோர்' சேர்த்து ஒப்புமை வடிவம் ஆக்குவதில்லை. மெய்யில் கூடுதல் மெய் என்று ஒன்று கிடையாது. எதிர்ச்சொல் 'மாலா ஃபைடி', தீய எண்ணத்துடன். இடமாறுதல் வழக்குகளைப் பற்றிய செய்திகளில் ஆசிரியர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் 'எஸ்' சேர்ந்து வரும் 'போனா ஃபைடீஸ்' பெயர்ச்சொல். ஒருவரின் நம்பகத்தன்மை, அதைக் காட்டும் ஆதாரங்கள் என்று பொருள். அந்த 'எஸ்' பன்மைக்காக வந்ததல்ல, இலத்தீனின் எழுவாய் வடிவம். ஆனாலும் ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் பன்மையாகவே நடத்துகிறது.

உச்சரிப்பில் பிரிட்டிஷார் 'போனா ஃபைடி' என்பார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'போனா ஃபைட்' என்பார்கள். நாம் 'போனஃபைடு' என்கிறோம், அதையே சான்றிதழின் பெயராகவும் ஆக்கிவிட்டோம். அலுவலகத்தில் "ஒரு போனஃபைடு கொடுங்க" என்று கேட்பவரைத் திருத்த வேண்டியதில்லை. இந்தியா முழுக்க வழங்கும் வழக்கு அது. ஆனால் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும்போது அந்தச் சொல் தனியாக நின்றால் புரியாது. அங்கே 'என்ரோல்மென்ட் சர்டிஃபிகேட்' என்று கேட்பதுதான் சரி. தமிழில் சட்ட வழக்கில் நல்லெண்ணம், நன்னம்பிக்கை என்ற சொற்கள் வழங்குகின்றன. சான்றிதழுக்கு எனக்குப் பிடித்தது 'மெய்ச்சான்று'. என் மாணவர்கள் அதை ஏற்கவில்லை. "அது ஏதோ ஆஸ்பத்திரி சர்டிஃபிகேட் மாதிரி இருக்கு சார்" என்றார்கள்.

கடிதப் பயிற்சியில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று காலம். சான்றிதழில் 'இஸ்' என்று நிகழ்காலம் வந்தால், கையெழுத்திடும் நாளில் அவர் நம் பள்ளியில் படிக்கிறார் என்று பொருள். படித்து முடித்தவருக்கு 'வாஸ்' போட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுத வேண்டும். வினைச்சொல்லின் காலம் ஒருவரின் உரிமையையே மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த இலக்கண நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மற்றொன்று நோக்கம். எதற்காகக் கேட்கிறோம் என்பதை விண்ணப்பத்தில் எழுதவைக்க வேண்டும். 'எனக்கு ஒரு போனஃபைடு வேண்டும்' என்று நிறுத்திவிடுகிற பிள்ளைகள், 'வங்கிக் கணக்குத் தொடங்குவதற்காக' என்று சேர்க்கும்போதே 'ஃபார் த பர்ப்பஸ் ஆஃப்' என்ற தொடரையும் அதன்பின் 'இங்' வருவதையும் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாம் பாடவேளையின் முடிவில் ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னேன். பெரும்பாலும் பள்ளி, கடை, கம்பெனி. ஒரு மாணவன் எழுதியது இது: 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் எ போனா ஃபைடி ஃபார்மர், பட் ஹி ஹேஸ் நோ பட்டா.' தாத்தா மெய்யான விவசாயிதான், ஆனால் பட்டா கிடையாது. இலக்கணம் சரி, சொல் நின்ற இடமும் சரி. முழு மதிப்பெண் போட்டேன். அப்படியானால் தாத்தா விவசாயி என்பதற்கு யார் சான்று தருவார்கள் என்று பக்கத்து பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. அடுத்த வாரம் 'சர்டிஃபை', 'அட்டெஸ்ட்' என்ற இரண்டு சொற்களை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினோம்.